எட்டாம் வசனத்தோடு நின்ற காலைகள்

மார்ச் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளும், ஆண்டவரே. மகள் இரே இப்போதுதான் தூங்கினாள். விடியற்காலை ஆராதனைக்கு இருட்டோடு எழுந்து இறங்க வேண்டும் என்று தெரிந்தும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. ஜெபத்தை வாயால் சொன்னால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். எழுதினால் விழித்திருக்கிறேன். அதனால் இந்த நாட்குறிப்பு எனக்கும் உமக்கும் பொது.

அவள் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தாயிற்று. மூச்சு வருகிறது. திரும்பவும் பார்ப்பேன். ஒன்பது மாதப் பிள்ளையின் மூச்சை இப்படி ராத்திரி முழுக்கக் காவல் காப்பது வியாதி என்று என் வீட்டுக்காரர் கிஹோ சொல்கிறார். இருக்கட்டும்.

பெரிய பாஸ்டர் முழங்கால் அறுவைக்காக சியோலுக்குப் போய்விட்டார். ஈஸ்டர் வரை எல்லா விடியல் ஆராதனையும் கிஹோ தலையில். அவருக்கு அதில் சந்தோஷம், எனக்குப் பயம். ஏப்ரலில் மண்டலச் சங்கம் கூடுகிறது. அங்கே நேர்காணலில் தேறினால் குருப்பட்டம், உபதேசியார் பாஸ்டர் ஆவார். போன இலையுதிர் காலத்திலேயே ஆகியிருக்க வேண்டும். எங்கள் சபையின் பேக் மூப்பர் "இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், ஒத்திப்போட்டார்கள். இந்த முறையும் அவருடைய முத்திரை இல்லாமல் பரிந்துரை போகாது. இரண்டாம் முறையும் தவறினால் வேறு உபதேசியாரைத் தேடுவார்கள். ஆலயத்துப் பாலர் பள்ளி மாடியில் இருக்கும் இந்த வீடும் போகும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

குன்சான் துறைமுகக் காற்று ஜன்னலை ஆட்டுகிறது. தாழ்ப்பாளைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் சபையில் விடியலுக்கு ஒரு அதிகாரம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிசையாக, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு வசனம் மேடையில் நிற்பவர், அடுத்த வசனம் சபை, கடைசி வசனம் எல்லாரும் சேர்ந்து. பேக் மூப்பருக்கு அதில் பெருமை. சபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு வசனம் விட்டதில்லையாம்.

இன்று நூற்று முப்பத்தேழாம் சங்கீதம். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் சிறைப்பட்டவர்கள் உட்கார்ந்து அழுகிற சங்கீதம். எல்லாருக்கும் பிடித்த ஆரம்பம். முடிவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை — பாபிலோன்காரர்களின் குழந்தைகளைத் தூக்கிப் பாறையில் அடிப்பவனை வாழ்த்துகிற ஒன்பதாம் வசனம்.

ஏழாவதை கிஹோ வாசித்தார். எட்டாவதை நாங்கள் வாசித்தோம். ஒன்பதாவது, எல்லாரும் சேர்ந்து. மூச்சை இழுத்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் குரல் ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தில் போய்விட்டது. கிழவிகள் வாசித்தார்கள். நானும் வாசித்தேன். இரே என் முதுகில் பஞ்சுத்துணிக்குள் கட்டுண்டு என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த வசனத்தை நான் தாலாட்டு மாதிரி ராகம் போட்டு முழுக்க வாசித்து, ஆமென் சொல்லி, நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு வரி ஜெபம் செய்துவிட்டு இறங்கிவிட்டார். பேக் மூப்பர் மட்டும் வேதத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தார்.

காலைச் சாப்பாட்டில் கிஹோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ வாசிச்சே."

"எல்லாரும்தான் வாசிச்சாங்க."

"உன் குரல் தனியாக் கேட்டுச்சு. இரே உன் முதுகுல இருந்தா."

நான் கடற்பாசி சூப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 18, புதன்

விடியலில் மூப்பர் படிக்கட்டிலேயே நின்றிருந்தார்.

"உபதேசியாரே, இன்னைக்கு எந்த அதிகாரம்?"

"நூத்தி முப்பத்தெட்டு, மூப்பரே."

"நூத்தி முப்பத்தேழு முடியலையே."

"சபை வாசிச்சுதே."

"மேடையில நிக்கிறவர் விட்டா, விட்டதுதான்."

கிஹோ மேடைக்குப் போய் நூற்று முப்பத்தேழையே திறந்தார். ஏழு. எட்டு. நின்றது. இந்த முறை யார் குரலும் ஓடவில்லை, எல்லாரும் நின்றுவிட்டோம். வெளியே மீன் ஏலத்துக்குப் போகும் லாரிச் சத்தம் மட்டும்.

பத்து மணிக்கு மூப்பர் மாடிக்கு வந்தார். அவருடைய ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஐஸ் போட்டுக் கட்டிய அயலை மீன் ஒரு பை. கோபமாக வருகிறவர் மீனோடு ஏன் வர வேண்டும்? சூடேற்றிய தரையில் உட்கார்ந்ததும் இரே தவழ்ந்து போய் அவர் காலுறையைப் பிடித்து இழுத்தாள். அவர் இழுக்க விட்டார்.

"எங்கப்பா தோள்ல செங்கல் சுமந்து கட்டின ஆலயம் ஒண்ணு இருந்துச்சு, உபதேசியாரே. அதை விட்டுட்டு வெளிய வந்துட்டார். எதுக்கு? வேதத்துல இது தேவன் சொன்னது, இது மனுஷன் சொன்னதுன்னு பிரிக்க ஆரம்பிச்சாங்கன்னு. பனியில கூடாரம் போட்டு ஆராதிச்சோம். எனக்கு அப்போ அஞ்சு வயசு, கால் விரல் விறைச்சுப் போச்சு. இன்னைக்கு நீங்க ஒரு வசனத்தை விடுவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் ஒரு அதிகாரத்தை விடுவார். அப்புறம் கையில என்னதான் மிஞ்சும்?"

"நான் பிரிக்கல, மூப்பரே. வாய் வரல."

"ஏன் வரல?"

கிஹோ இரேயைப் பார்த்தார். மூப்பரும் பார்த்தார். பிறகு காலுறையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க வாய் வர்ற அன்னைக்கு என் முத்திரை வரும்."

மார்ச் 19, வியாழன்

இன்றும் எட்டோடு நின்றது.

மார்ச் 20, வெள்ளி

இன்றும்.

சாயங்காலம் கேட்டே விட்டேன். "வாசிச்சுடுங்களேன், இரே அப்பா. ஒரு வரிதானே."

"ஒரு வரிதானேன்னு நீ சொல்றே. ஒரு வரிகூட விடக்கூடாதுன்னு அவர் சொல்றார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வாசிக்கச் சொல்றீங்க."

"வீடு போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா எப்படி இப்படி உக்காந்திருக்கீங்க? பிள்ளையைத் தூக்கிட்டு எங்க போறது, இந்தக் குளிர்ல?"

"பிள்ளையைத் தூக்கிட்டு," என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு சட்டியைக் கழுவப் போய்விட்டார். கழுவின சட்டியையே கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு உம்மிடம் கேட்க இருக்கிறது. நான் சாமி கும்பிடாத வீட்டிலிருந்து, கல்லூரி விடுதியில் ஒரு அக்காவின் கையைப் பிடித்து வந்தவள். அந்த அக்கா சொன்னாள்: எழுதியவர்கள் மேய்ப்பர்கள், ராஜாக்கள், மீன்காரர்கள், வரி வசூலித்தவன், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை, நூற்றுக்கணக்கான வருஷ இடைவெளி, ஆனாலும் ஒரே புத்தகம், ஏனென்றால் மூச்சு ஒருவருடையது. நான் அதில்தான் விழுந்தேன். பிரசவ அறையில் என்னைத் தாங்கிய சங்கீதம் இதற்கு இரண்டு தாள் தள்ளி இருக்கிறது. தாயின் வயிற்றில் என்னை உருவாக்கினீர் என்கிற அந்தச் சங்கீதம். அது உம் மூச்சு என்றால் இதுவும். இது இல்லை என்றால் — அதையும் விட்டுவிட வேண்டும். மூப்பர் சொல்வது சரி. கிஹோவின் வாய் அடைத்ததும் சரி. நான் மட்டும் ராகம் போட்டு வாசித்தேனே, எப்படி?

அவள் மூக்கின் கீழ் விரல் வைத்தேன். இருக்கிறது.

மார்ச் 21, சனி

நாளைச் சாப்பாட்டுக்கு ஆலய அடுக்களையில் முள்ளங்கி நறுக்கினோம். ஓ குடும்பத்து அம்மா, நாங்கள் சொல்லும் ஓ அம்மாதான், அங்கே ராணி. அவர் நாக்குக்கு மூப்பரே ஒதுங்கிப் போவார். நான் உள்ளே நுழைந்ததுமே:

"வாங்க உபதேசியாரம்மா. நாங்க இன்னும் பாபிலோன் ஆத்தங்கரையிலேயே உக்காந்திருக்கோம். எப்போ எருசலேமுக்குக் கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, "எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஆத்தங்கரை ஈரம்," என்றாள். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வந்ததை முள்ளங்கிமேல் பழி போட முடியவில்லை. வெங்காயம் நறுக்குகிறவள் எதிர்ப்பக்கம் இருந்தாள்.

ஓ அம்மா சூப்பைச் சுவைத்துவிட்டு அகப்பையை என்னிடம் நீட்டினார். "காலேஜ்ல சாப்பாட்டைப் பத்தியே படிச்சவங்க. உப்பு போதுமா சொல்லுங்க."

"போதும்மா."

"போதாது. கவலைல இருக்கிற வாய்க்கு உப்பு தெரியாது." பிறகு காதருகே: "மூப்பர் வீட்டுலயும் சாப்பாடு இறங்கலையாம். அவங்க வீட்டம்மா சொன்னாங்க. அதே பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு இருக்காராம்."

மார்ச் 23, திங்கள்

எட்டோடு நின்றது. அது இல்லை இன்றைய விஷயம்.

மத்தியானம் இரேயைத் தள்ளுவண்டியில் வைத்துச் சந்தைக்குப் போனேன். மீன்கடைச் சந்து திரும்பும்போது உணவு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஒன்று எதிரே வந்தது. வேகம். தள்ளுவண்டியின் முன்சக்கரத்தில் இடித்தது. வண்டி சாய்ந்தது. நான் கைப்பிடியை விடவில்லை. விடவில்லை. இரே பட்டையில் தொங்கினாள். உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை. எழுதிக்கொள்கிறேன், ஒன்றுமில்லை.

பாதையின் ஓரத்தில் மீன் கழுவும் சிமெண்ட் மேடை. அவள் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு கை அகலம்.

மோட்டார் சைக்கிள்காரன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். முப்பது வயது இருக்கும். நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். எழுதாவிட்டால் உமக்குத் தெரியாதா?

"உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டேன். இருக்கு என்றான். "அதோட தலை இந்தக் கல்லுல மோதட்டும்," என்றேன். "மோதட்டும். நீ பாத்துக்கிட்டு நில்லு. அப்பத்தான் உனக்குத் தெரியும்." கத்தவில்லை. தெளிவாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அதை விரும்பினேன். முழு மனதோடு. அது நடந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மீன்கடைக்காரி என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் அழுதுகொண்டே மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

நான் யார்? விடியலில் ஆமென் சொல்லும் உபதேசியாரம்மா. அந்த வசனம் எனக்கு வெளியே எங்கேயோ பாபிலோனில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிஹோவிடம் முழுவதும் சொன்னேன், நான் சொன்ன வார்த்தை உட்பட. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து இரேயின் உதட்டைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்; கைப்பிடியை இறுக்கியதில் உள்ளங்கை கன்றியிருந்தது.

அவற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் அந்த வரியை விட்டுட்டா, நேத்து மத்தியானம் உன்னை எங்க கொண்டு வெக்கிறது?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"யாரோ தாய் பாடினது அது. அவ பிள்ளையை பாபிலோன்காரங்க அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. அவ கண்ணு முன்னாடி. அவ அதைப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லல. ஆண்டவர்கிட்டச் சொன்னா. அவர் அதை அழிக்கல."

"அழிக்காம வெச்சா, அது சரின்னு ஆயிடாதா?"

"தெரியல. நெசமாத் தெரியல, இரே அம்மா."

அந்தத் தெரியலதான் என்னை அழவைத்தது. வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.

இப்போது விரல் வைத்துப் பார்த்தேன். தூக்கத்தில் பஞ்சு மாதிரி வருகிறது. நேற்று வண்டியில் தொங்கி வீறிட்டபோதும் இதே மூச்சுதான். முகம் நீலமாகி, எனக்கு அந்நியப் பிள்ளை மாதிரி இருந்தாள். அந்த அலறலை வேண்டாம் என்று விட்டுவிட்டு இந்தத் தூக்கத்தை மட்டும் என் பிள்ளை என்று எடுத்துக்கொள்ள முடியுமா? இரண்டும் அவள்தான்.

இன்னொன்றும் தோன்றியது. பெயர் வைக்கும்போது "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது மட்டும் போதும் என்று இரே என்று வைத்தோம். யேகோவாயீரே. ஆதியாகமத்தில் அது வருகிற பக்கத்தில் ஒரு பிள்ளை பலிக் கட்டையின்மேல் கட்டுண்டு கிடக்கிறது, மேலே அப்பன் கையில் கத்தி இருக்கிறது. தினமும் கூப்பிடுகிறேன். அந்தப் பக்கத்தை நினைத்ததே இல்லை.

மார்ச் 25, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி.

பனிமூட்டம். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மூப்பர் வழக்கமான இடத்தில். நான் கடைசி வரிசையில், இரே முதுகில். கிஹோ திறந்தார். அதே ஆறு, அதே அலரி மரங்கள், அதே கின்னரங்கள். ஏழு. எட்டு.

நின்றது.

பிறகு கிஹோ சொன்னார், "கடைசி வசனம். எல்லாரும் சேர்ந்து."

அவர் ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது. ஒருவரும் சேரவில்லை. இத்தனை நாள் அந்த இடத்தில் நின்று நின்று, பழக்கத்தில் ஓடிவிடும் சக்தி யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. ஓ அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மூப்பரின் உதடு அசைந்தது; குழந்தைகள் என்கிற சொல் வந்ததும் அதுவும் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். என்னை இல்லை. என் முதுகில் இருந்தவளை.

நான் சேர்ந்தேன். ராகம் போடவில்லை. சந்தில் அவனிடம் சொன்ன அதே குரலில், ஆனால் அவனிடம் சொல்லாமல் உம்மிடம் சொன்னேன். இரண்டே குரல்கள், அவருடையது மேடையிலிருந்து, என்னுடையது கதவோரத்திலிருந்து. முடிந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை.

கிஹோ வேதத்தை மூடவில்லை. தாள்களைப் புரட்டிச் சுவிசேஷத்துக்குப் போய், தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்ததையும், சீஷர்கள் அதட்டியதையும், நீர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டதையும் வாசித்தார். வரிசை தவறியது. மூப்பர் தடுப்பார் என்று பயந்தேன். அவர் தாள் புரட்டும் சத்தம்தான் கேட்டது. அவரும் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே படிக்கட்டில் மூப்பர் தொப்பியைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு நூத்தி முப்பத்தெட்டு," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

ஓ அம்மா என் தோளைத் தட்டினார். "அப்பாடா. எழுந்து நடக்கலாம்."

மார்ச் 26, வியாழன்

சந்தையில் விசாரித்தேன். அந்த மோட்டார் சைக்கிள்காரர் மறுபடி அந்தச் சந்துக்கு வரவில்லையாம். பார்த்தால் என்ன சொல்வது? சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா?

மார்ச் 28, சனி

மூப்பர் முத்திரை வைத்தார். இரேயை மடியில் வைத்துக்கொண்டு வைத்தார். அவள் சிவப்பு மையில் கைவைத்து அவர் சட்டையில் தடவினாள். "இதுவும் செல்லும்," என்றார்.

எனக்கு நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. நேர்காணலில் இதைக் கேட்பார்கள். ஊரெல்லாம் தெரியும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்று மண்டலச் சங்கத்தில் கிஹோவின் நேர்காணல். மூப்பர்தான் முதலில் போன் செய்தார். சபையின் பிரதிநிதியாக அவரும் சங்கத்தில் இருந்தார்.

"கேட்டாங்கம்மா. 'ஒவ்வொரு வார்த்தையும் தேவனால அருளப்பட்டதுன்னு நம்புறீங்களா'ன்னு. நம்புறேன்னார். 'அப்போ ஏன் அத்தனை நாள் நிறுத்தினீங்க'ன்னு ஒருத்தர் மடக்கினார். நம்ம ஆளு சொல்றார், 'வெறும் பழைய பாட்டுன்னு நினைச்சிருந்தா சுலபமா வாசிச்சிட்டுப் போயிருப்பேன். தேவன் பேசுறார்னு நம்பினதாலதான் வாய் அடைச்சுது'ன்னு."

"அப்புறம்?"

"கேட்டவர் உக்காந்துட்டார். எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு. அறுபது வருஷமா நான் சுலபமா வாசிச்சிருக்கேனே." இருமினார். "வெளிய அனுப்பிட்டு ஓட்டுப் போட்டாங்க. முடிவை நான் சொல்ல மாட்டேன். அது உங்க வீட்டுக்காரர் வாயால வரணும். சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போகிறேன்.

ஏப்ரல் 18, சனி

ஓ அம்மா அளவு டேப்போடு வந்தார். கிஹோவைச் சுவரோடு நிற்கவைத்துத் தோள், கை, நீளம் எல்லாம் எடுத்தார். "குருப்பட்டத்துக்குக் கறுப்பு அங்கி, தோள் தளரக் கூடாது. மேடையில கை தூக்கினா மணிக்கட்டு தெரியக் கூடாது," என்று தனக்குள் பேசிக்கொண்டார். போகும்போது வாசலில், "வரேன், பாஸ்டரம்மா," என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், பெரிய பாஸ்டர் வீட்டம்மா வந்திருக்கிறாரோ என்று.

இன்று விடியலில் நீதிமொழிகள். இரே முதுகிலேயே தூங்கிவிட்டாள்.

கிஹோ தூங்குகிறார். நான் மட்டும்தான். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், சொல்லிவிட்டேன். ஆனால் ஆண்டவரே, அந்தத் தாயின் அலறலை நீர் அழிக்காமல் வைத்துக்கொண்டது எனக்குப் புரிகிறது. பாபிலோனிலும் தாய்மார் இருந்தார்களே? ராத்திரி விழித்திருந்து, பிள்ளையின் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தவர்கள். அந்த மோட்டார் சைக்கிள்காரரின் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அவர்களுக்கு என்ன சொன்னீர்? இதே புத்தகத்தில் எங்கேயோ இருக்கும் என்று நம்புகிறேன். தேடிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லும்.